செத்த குட்டைக்குக் காவல்

அந்த மத்தியானம் பனைமட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் இறால் குட்டையின் கரையில் நின்றிருந்தேன்.

உப்பளத்துப் பக்கமிருந்து அனல் காற்று அடித்தது. உதட்டை நக்கினால் கரித்தது. குட்டையில் தண்ணீர் அசையவே இல்லை. தண்ணீரைக் கலக்கிக் காற்றுக் கொடுக்கும் ஏரேட்டர்கள் நின்று கிடந்தன. ப்ளீச்சிங் பவுடர் நெடியில் கண் எரிந்தது.

கரையைச் சுற்றிக் கட்டியிருந்த வலை வேலியில் ஒரு நண்டு ஏறிக்கொண்டிருந்தது. மட்டையால் தட்டி ஓடைப் பக்கம் தள்ளினேன். கொடுக்கைத் தூக்கி மிரட்டிவிட்டு மறுபடியும் வந்தது. மறுபடியும் தள்ளினேன்.

உப்பு ஏற்றி வந்த லாரி ஒன்று மண்பாதையில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“அண்ணாச்சி, குட்டையில என்ன கெடக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா இந்த வெயில்ல காவல் நிக்கீரு?”

“ஒண்ணுமில்லாம இருக்கணும்னுதான் நிக்கேன்.”

அவர் கிளீனர் பக்கம் திரும்பினார். “ஏலே, இவருக்கு வெயிலு மண்டைக்குள்ள போயிட்டுலே. வண்டிய எடுப்போம்.”

உப்பளத்தில் நான் வேலை பார்த்த நாட்களைப் போன வாரம் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு என் மகள் மலர், “இறால் பண்ணைக் கதையை ஏன் ரெண்டே வரியில முடிச்சிட்டீங்க? செத்த குட்டைக்குக் காவல் இருந்ததை எழுதுங்க” என்றாள். மலர், உனக்கும் உன் தம்பி முத்துவுக்கும் அந்தக் காவலில் பங்கு உண்டு. ஆனால் எதற்காகக் காவல் இருந்தோம் என்பது அப்போது உங்களுக்கு முழுதாகப் புரிந்திருக்காது. எனக்கே மெதுவாகத்தான் புரிந்தது.

ஓரத்துக்கு வந்த இறால்கள்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரோட்டில், பழையகாயல் தாண்டுவதற்கு முன்னால் கிழக்கே ஒரு மண்பாதை இறங்கும். அதன் முடிவில் ஓடை. கடல் ஏறும்போது ஓடையில் தண்ணீர் ஏறும், இறங்கும்போது இறங்கும். ஓடையை ஒட்டி வரிசையாக இறால் குட்டைகள். அதில் ஒன்றை நானும் உங்கள் சுடலை மாமாவும் குத்தகைக்கு எடுத்திருந்தோம். மாமா என்றால் உங்கள் அம்மாவின் தம்பி.

எங்களுக்கு அடுத்து, கடல் பக்கமாக, பிலோமினா அக்காவின் குட்டை. அவருடைய வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போனவர். பண்ணையை அக்காதான் தனியாகப் பார்த்தார். காலில் ரப்பர் பூட்ஸும் தலையில் துண்டுமாக அவர் கரையில் நடந்து வந்தால் வேலையாட்கள் பீடியை அணைத்துவிடுவார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் எல்லோருக்கும் ஒரே ஓடைதான். நான் மடையைத் திறந்து வெளியே விடும் தண்ணீர் அக்காவின் பம்பு வாயைக் கடந்துதான் போக வேண்டும். அடுத்த ஏற்றத்தில் அவர் இறைப்பது அதில் கொஞ்சத்தைத்தான்.

அந்த வருஷம் முதல் வளர்ப்பு பாதியைத் தாண்டியிருந்தது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால், தீவனத் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. வழக்கமாக நடுக்குட்டையில் கிடக்கும் இறால்கள் ஓரத்துக்கு வந்து சோர்ந்து கிடந்தன. தொட்டால் துள்ளவில்லை. காகங்களுக்கு விஷயம் எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

ஒன்றை எடுத்துத் தலை ஓட்டைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தேன். சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

“வெண்புள்ளி,” என்றான் சுடலை. கரையிலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான்.

இறால் வளர்ப்பவனுக்கு அந்த வார்த்தை போதும். மனிதர்களை அது ஒன்றும் செய்யாது. இறாலை மட்டும் விட்டுவைக்காது. வந்த குட்டையில் சில நாளிலேயே எல்லாம் போய்விடும். மருந்து கிடையாது.

கொஞ்ச நேரம் கழித்துச் சுடலை எழுந்தான். “அத்தான், தண்ணி இறங்குத நேரம். மடையத் தொறந்துருவோம்.”

“பிலோமினாக்கா பம்பு ஓடிக்கிட்டு இருக்கேலே.”

“நமக்கு மேல கெடக்கவன் நம்மள நெனச்சா தொறந்தான்? அவன் விட்டதுதான நமக்கு வந்துது? இப்ப தொறந்தா குட்டைய காய வச்சு, மழைக்கு முன்னால இன்னொரு தடவை குஞ்சு விட்டு எடுத்துரலாம். தேக்கி வச்சோம்னா இந்த வருஷமே போச்சு.”

அவன் சொன்னதில் பொய் இல்லை. பிறகு இன்னொன்றும் சொன்னான். அதுதான் என்னை ஆட்டியது.

“நாறத் தண்ணியத் தேக்கி வச்சா கிருமி குறையவா செய்யும்? இட்லி மாவு மாதிரி பொங்கத்தான் செய்யும். நாள் ஆக ஆகக் கூடும். பொறவு கரை ஒடஞ்சா மொத்த ஓடையும் நாசம். இன்னைக்கே விட்டா கடலுக்குள்ள போயி கரைஞ்சிரும்.”

எனக்கும் அப்படித்தான் பட்டது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கிருமி என்றால் தேங்கிய தண்ணீரில் பெருகுவது என்றுதான் தெரியும். அக்காவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பெரிய ஆபத்தைச் சேர்த்து வைத்துவிடுவேனோ?

“சாயந்தரம் வரைக்கும் மடையில கை வைக்காத,” என்று சொல்லிவிட்டு, நாலு இறாலை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினேன்.

அளவு ஜாக்கெட்

இறால் நோய்களைப் பரிசோதிக்கும் சின்ன லேப் ஒன்று தூத்துக்குடியில் இருந்தது. கவிதா மேடம் என்று ஒரு சின்ன வயதுப் பெண். டப்பாவைத் திறந்து பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. “டெஸ்ட் பண்ணிச் சொல்றேன் அண்ணாச்சி. ஆனா நீங்க மனச தயார் பண்ணிக்கோங்க,” என்றார்.

“மனசு இருக்கட்டும் மேடம். தண்ணியத் தேக்கி வச்சா இந்தக் கிருமி பெருகுமா? அதச் சொல்லுங்க.”

“எதைத் தின்னுட்டுப் பெருகும்?”

“தண்ணியில கெடக்க அழுக்க, தீவனத்த…”

“தின்ன அதுக்கு வாயே இல்லையே.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். அன்று அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இட்லி மாவைப் பொங்க வைப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள். மாவைத் தின்னும், வளரும், இரண்டாகப் பிரியும். வெண்புள்ளியைக் கொண்டுவரும் வைரஸ் அந்த ஜாதியே இல்லை. தின்னாது, மூச்சு விடாது, வளராது, பிரியாது. உள்ளே ‘என்னைப் போல் ஒன்று செய்’ என்ற செய்முறை, வெளியே அதை மூடிய ஓர் உறை. அவ்வளவுதான். அந்தச் செய்முறையைப் படித்து வேலை செய்யும் கருவி எதுவும் அதனிடம் கிடையாது. அந்தக் கருவி உயிருள்ள செல்லுக்குள்தான் இருக்கிறது. வைரஸ் அந்தச் செல்லுக்குள் நுழைந்துவிட்டால், செல் தன் வேலையைப் போட்டுவிட்டு இதைச் செய்து செய்து தள்ளும்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா பக்கத்து வீட்டுக்காரியின் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, “அப்ப அது அளவு ஜாக்கெட்டுன்னு சொல்லுங்க,” என்றாள்.

எனக்குச் சட்டென்று வெளிச்சமானது. தைக்கக் கொடுப்பவர்கள் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கூடவே கொடுப்பார்கள். தையல்காரி அதைப் பார்த்து அதே போல எத்தனை வேண்டுமானாலும் தைப்பாள். ஆனால் அந்த ஜாக்கெட்டைக் கொடியில் தொங்கவிட்டால் இன்னொரு ஜாக்கெட் முளைக்குமா? வெயிலில் வெளுத்து, தையல் விட்டு, ஒரு நாள் யாருக்கும் அளவு காட்ட முடியாத கந்தலாகத்தான் போகும்.

எங்கள் குட்டைத் தண்ணீர்தான் அந்தக் கொடி. உயிருள்ள இறாலோ நண்டோ உள்ளே இல்லாதவரை அந்த வைரஸால் ஒன்று இரண்டாக முடியாது. நாளாக நாளாகக் கூடாது, குறையும். சுடலையின் கணக்கு தலைகீழ்.

அப்போது மலர் ஒரு கேள்வி கேட்டாள். “உயிரே இல்லன்னா அதை எப்படிப்பா கொல்லுவீங்க?” மறுநாள் மேடத்திடம் கேட்டேன். “உங்க பொண்ணு கேட்டது பெரிய கேள்வி. படிச்சவங்களே இன்னும் இதுல சண்டை போட்டுக்கிட்டுதான் இருக்காங்க,” என்று சிரித்தார். “கொல்றதுன்னு நினைக்காதீங்க. ப்ளீச்சிங் பவுடர் அந்த உறையையும் செய்முறையையும் சிதைச்சிரும். அப்புறம் அதால எந்தச் செல்லையும் ஏமாத்த முடியாது.”

குடும்ப அட்டையில் ஒரே பெயர்

அந்த நாட்களில் நான் லேபுக்கு அடிக்கடி போனேன். எதிரியின் ஊர் பேர் தெரியாமல் சண்டை போட எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் கேட்டேன். “மேடம், நமக்கு வந்து ஸ்கூலெல்லாம் மூட வச்சுதே, அந்த வைரஸுக்கு இது சொந்தமா?”

“ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல.”

வைரஸ்களை எப்படி வகை பிரிப்பார்கள் என்று சொன்னார். முதலில் செய்முறை எந்தப் பொருளில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். டிஎன்ஏவா, ஆர்என்ஏவா? ஒற்றை இழையா, இரட்டை இழையா? பிறகு உருவம், உறை, யாருக்குள் புகுகிறது என்பது. எல்லாவற்றுக்கும் மேலே, செய்முறையை எழுத்து எழுத்தாகப் படித்து யாரோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பது.

அளவை வைத்துப் பிரிப்பதில்லையா என்று கேட்டேன். மிக நுண்ணிய வடிகட்டியிலும் நழுவிப் போவதுதான் வைரஸ் என்று ஒரு காலத்தில் சொன்னார்களாம். பிறகு அந்த வடிகட்டியில் மாட்டிக்கொள்ளும் அளவுக்குப் பெரிய வைரஸ்கள் அகப்பட்டன. அதில் ஒன்றைப் பாக்டீரியா என்றே வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். ஆகவே பிள்ளைகளே, சின்னதாக இருப்பது வைரஸின் அடையாளம் இல்லை. இன்னொருவர் வீட்டு அடுப்பில்தான் தன் சோற்றைப் பொங்க முடியும் என்பதுதான் அடையாளம்.

எங்கள் வெண்புள்ளி வைரஸின் கதை இன்னும் வேடிக்கை. உருண்டு நீண்ட அதன் உருவத்தைப் பார்த்து, முதலில் பூச்சிகளைத் தாக்கும் ஒரு வைரஸ் குடும்பத்தில் சேர்த்தார்களாம். பிறகு செய்முறையைப் படித்தால், பெரும்பகுதி அதுவரை எதிலும் பார்த்திராத எழுத்தாக இருந்திருக்கிறது. மூத்தது இளையது என்று சொல்ல ஒருவரும் இல்லை. கடைசியில் அதற்கென்று தனிக் குடும்பமே உண்டாக்கினார்கள். அதன் ஒரு முனையில் நூல் மாதிரி வால் ஒன்று தொங்குமாம். அதனால் நூல் என்று பொருள்படும் பெயரையே குடும்பத்துக்கும் வைத்தார்கள். குடும்ப அட்டை வாங்கியாயிற்று, உள்ளே ஒரே ஒரு பெயர்.

இப்போது இன்னும் ஆழமாகத் தேடி, அந்தப் பூச்சி வைரஸ்களோடு தூரத்து உறவு உண்டு என்று கண்டு, பெரிய கூரை ஒன்றின் கீழ் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். சேர்ந்து இருந்து, பாகம் பிரிந்து, பிறகு ‘என்ன இருந்தாலும் சொந்தம்’ என்று ஆன கதை. நம் தெருவிலேயே அப்படி இரண்டு வீடு இருக்கிறது. பெயர் சொன்னால் அம்மா திட்டுவாள்.

கறி இறால்

மேடம் ஒரு தடவை எங்கள் ஓடைக்கே வந்து எல்லாப் பண்ணைக்காரர்களையும் கூட்டிப் பேசினார். “உங்களுக்குள்ள ஒத்துமை எப்படி?” என்று கேட்டார்.

எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை. எங்கள் ஓடையில் யாராவது அறுவடைக்கு வலை இழுத்தால் மற்ற பண்ணைக்காரர்கள் எல்லோரும் கூப்பிடாமலே போய் இறங்குவோம். கல்யாண வீட்டுக்குப் போவது போல. போகாதவன் வயிறு எரிகிறான் என்று அர்த்தம். வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு வாளி கறி இறால். வாங்காமல் வந்தால் கோபித்துக்கொள்வார்கள்.

“அந்த இறாலை எங்க சுத்தம் பண்ணுவீங்க?”

“வீட்டுல தண்ணிக் கஷ்டம்லா? அவங்கவங்க மடையில உக்காந்து ஓடைத் தண்ணியிலயே தலையப் பிச்சு, அலசித்தான் கொண்டு போவோம்,” என்றார் பிலோமினா அக்கா.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் தேய்ந்தது. எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒருவர் குட்டையில் இறங்கிய அதே ஈரக் காலோடு, அதே வலையோடு நம் குட்டைக்குள் இறங்கியிருக்கிறோம். தலையையும் ஓட்டையும் நம் மடை வாயிலேயே போட்டிருக்கிறோம். அதை நண்டு தின்னும். நண்டு சாகாது, சுமக்கும். சுமந்துகொண்டு அடுத்த கரை ஏறும்.

மடைக்கு முன்னால்

நான் முதலில் லேபுக்குப் போய் வந்த அந்தச் சாயங்காலத்துக்குத் திரும்புகிறேன். அம்மாவிடம் பேசிய கையோடு குட்டைக்குப் போனேன். ஓடையில் தண்ணீர் மறுபடி இறங்க ஆரம்பித்திருந்தது. சுடலை மடைப் பலகையில் கயிறு கட்டித் தயாராக நின்றான்.

“மடையத் தொறக்கப் போறதில்ல,” என்றேன்.

“அத்தான், வெளையாடாதீக.”

“மேடம் சொன்னபடி ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேக்கி வைக்கப் போறோம். செத்ததப் பொறுக்கிச் சுண்ணாம்பு போட்டுப் பொதைக்கப் போறோம்.”

“ஒரு நாள் லேபுக்குப் போயிட்டு வந்து டாக்டராயிட்டீகளோ? அடுத்த குஞ்சுக்கு என்ன செய்ய? புள்ளைகளுக்கு என்ன செய்ய? அந்தக்கா வந்து நமக்குச் சோறு போடுமா?”

“போடாது.”

“பொறவு?”

“அக்கா குட்டையில கெடக்கது அக்கா புள்ளைகளுக்கு உள்ளது. அதுல நான் விஷத்த ஊத்த மாட்டேன். நீ வேணும்னா கோவிச்சுக்கோ.”

மணல் மூட்டைகளை மடைக்கு முன்னால் நானே தூக்கி அடுக்கினேன். சுடலை பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கயிற்றை விசிறி எறிந்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ரொம்ப நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. துறைமுகத்தில் மூட்டை ஏற்றப் போனதாக அம்மா சொன்னாள்.

அதன் பிறகு நம் வேலை தொடங்கியது. நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீங்கள் இரண்டு பேரும் காகம் இறங்கிச் செத்த இறாலை அடுத்த குட்டைக்குத் தூக்கிப் போகாமல் குட்டைக்குக் குறுக்கே நைலான் கயிறு கட்டினீர்கள். அம்மா தைத்து மீந்த ஜரிகைத் துண்டுகளை அதில் முடிந்தாள். நண்டு ஏறாமல் நான் வலை வேலி போட்டேன். உள்ளே உயிருள்ள நண்டோ இறாலோ ஒன்று விழுந்தாலும் அந்த வைரஸுக்குத் தையல் மெஷின் கிடைத்த மாதிரி. அதனால்தான் செத்த குட்டைக்குக் காவல். கேலி செய்துவிட்டுப் போனவர் லாரிக்காரர் மட்டும் இல்லை.

இரண்டாவது வளர்ப்புக்கான பருவம் எங்கள் கண் முன்னாலேயே போனது. மற்றவர்கள் குட்டையில் ஏரேட்டர் ஓடும் சத்தம் கேட்கும். எங்கள் குட்டை வெறுமனே பளபளத்துக்கொண்டிருக்கும். வீட்டில் அம்மாவின் மெஷின்தான் ஓடியது. தண்ணீர் சுத்தம் என்று லேபில் சொன்ன பிறகுதான் மடைப் பலகையைத் தூக்கினேன். பிறகு அடிமண் வெடிக்கும்வரை காயப் போட்டேன்.

அழைப்பு

அதற்கு வெகு முன்னால், எங்கள் குட்டையில் பவுடர் தண்ணீர் நின்றுகொண்டிருந்தபோதே, பிலோமினா அக்கா வலை இழுத்தார். முதல் நாள் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

“ஏலே செல்வம், நாளைக்கு இழுக்கேன். வந்துரு.”

“வரமாட்டேன்க்கா.”

அவர் முகம் சுருங்கியது. “நீ மடைய அடச்சு வச்சதாலதான் எனக்கு இது மிஞ்சுச்சு. நீ இல்லாம நான் வலையத் தொடவா? ஊரு என்ன சொல்லும்? செல்வத்துக்கு வயிறு எரியுதுன்னு சொல்லாது?”

“சொல்லட்டும்க்கா. என் காலு உங்க கரையில படக் கூடாது. மேடம் சொன்னதக் கேட்டீங்கல்லா?”

“நான் பொழச்சத நீ கண்ணால பாக்க வேண்டாமாலே?”

“இங்கன நின்னு பாக்கேன்.”

அக்கா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பிடிவாதம் புடிச்சவன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நான் என் கரை உச்சியில் ஏறி நின்றேன். தூரத்தில் வலை சுருங்கச் சுருங்க, இறால்கள் வெயிலில் வெள்ளிக்காசு இறைத்த மாதிரி துள்ளின. ஐஸ் உடைக்கும் சத்தம் வந்தது. கூலி வாங்கும் வலைக்காரர்கள் மட்டும்தான் இறங்கியிருந்தார்கள். வழக்கம் போல வாளியோடு போன மற்ற பண்ணைக்காரர்களை அக்கா கரையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன். என்ன சொல்லித் திருப்பினார் என்று கேட்கவில்லை. கையை மட்டும் நாலாபக்கமும் வீசினார்.

சாயங்காலம் ஒரு தூக்குச் சட்டி நம் வீட்டுக்கு வந்தது. பச்சை இறால் இல்லை, குழம்பாகவே வைத்து அனுப்பியிருந்தார். அது ஊரில் பெரிய பேச்சாகிவிட்டது. ஆனால் அடுத்த அறுவடைக்கு இன்னொருவரும் குழம்பாகத்தான் கொடுத்தார்.

அடுத்த வருஷம் நாங்கள் மறுபடியும் குஞ்சு விட்டோம். சுடலை திரும்பி வந்தான். வலைக்காரர்கள் வந்த அன்று மடை ஓரத்தில் ப்ளீச்சிங் தண்ணீர்த் தொட்டி வைத்து, “ஏலே, கால முக்கு! வலைய முக்கு! முக்காதவன் உள்ள வராத!” என்று கத்திக்கொண்டிருந்தவன் அவன்தான்.

வலை இழுக்கத் தொடங்கியபோது நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் கரையில் ஒரு பண்ணைக்காரர்கூட இல்லை. ஓடை நெடுகிலும் அவரவர் கரையில் அவரவர் ஏறி நின்றிருந்தார்கள். ஒருவர்கூட வீட்டில் இல்லை. பிலோமினா அக்கா தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டினார்.

“ஏலே செல்வம்! தெரியலைலே! வலையத் தூக்கிக் காட்டு!”

நானும் சுடலையும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, முடிந்த மட்டும் உயரத் தூக்கிக் காட்டினோம்.